பழைய பிளேஸ்டேஷன் டிஸ்க்குகளுக்கு பேக்கப் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் இருக்கும் பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகளில் ஒன்றுக்கு அடிப்பக்கம் நீலமாக இருக்கும். பல வருடமாக டப்பாவிலேயே கிடந்தது, ஒரு கீறல்கூட இல்லை. போன மழைக்காலத்தில் எடுத்துப் போட்டால் கன்சோல் (விளையாட்டு மெஷின்) படிக்கவே இல்லை. டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். லேபிளுக்கு அடியில் இருக்கும் உலோகப் படலத்தில் குண்டூசி முனையளவு ஓட்டைகள் ஏழெட்டு இருந்தன. ஒவ்வொன்றின் வழியாகவும் நீல வெளிச்சப் புள்ளி தெரிந்தது. அந்த இடங்களில் இருந்த டேட்டா போனது போனதுதான். அதன் பிறகுதான் மிச்சமிருந்த டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தேன்.

அப்போதிலிருந்து நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. பேச்சு முக்கியமாக பிளேஸ்டேஷன் 1, 2 பற்றியது. மற்ற கன்சோல்கள் இடையிடையே வரும்.

பேக்கப் என்றால் இன்னொரு டிஸ்க்கில் பர்ன் செய்வதுதானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நீரோ, ஆல்கஹால் 120% மாதிரி டிஸ்க் எழுதும் சாஃப்ட்வேர்கள் எல்லாம் ஓகோவென்று இருந்த காலத்தில் ‘காப்பி போடு’ என்றால் ஒரு வெற்று சிடியை வாங்கி வந்து எழுதுவதுதான். ஆனால் இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. டிஸ்க்கில் இருப்பதை அப்படியே ஒரு ஃபைலாகப் படித்து எடுப்பது முதல் வேலை. இதை இமேஜ் எடுப்பது என்பார்கள். அந்த இமேஜை வேறொரு டிஸ்க்கில் எழுதுவது இரண்டாவது வேலை.

உண்மையான பேக்கப் முதல் வேலையோடு முடிந்துவிடுகிறது. கடையில் வாங்கிய அசல் டிஸ்க் தொழிற்சாலையில் அச்சுக்குத்தி, மேலே அலுமினியம் பூசிச் செய்தது. நாம் பர்ன் செய்யும் டிஸ்க்கில் டேட்டாவைத் தாங்குவது ஒரு சாயப் படலம். லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டு எழுதுகிறது. வெயிலிலும் புழுக்கத்திலும் அது அசலைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகலாம். அசலுக்குக் காவலாக அதைவிட நோஞ்சானான ஒன்றை மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. இமேஜை ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். பர்ன் செய்வது அதற்கு அப்புறம், தேவைப்பட்டால் மட்டும்.

இது சட்டப்படி சரியா?

இந்தியாவில் 1957-ஆம் வருடத்துக் காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமின் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது தொலைந்தோ அழிந்தோ சேதமாகியோ போனால் உதவட்டும் என்று அந்தப் பிரதியிலிருந்தே பேக்கப் எடுத்துக்கொண்டால் அது காப்புரிமை மீறல் ஆகாது. அந்தப் பேக்கப்பும் புரோகிராம் எதற்காக வழங்கப்பட்டதோ அதற்கு மட்டும்தான் பயன்பட வேண்டும்.

‘அந்தப் பிரதியிலிருந்தே’ என்பதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். உங்களிடம் டிஸ்க் இருக்கிறது என்பதற்காக இணையத்தில் யாரோ ஏற்றிய ஃபைலை இறக்கிக்கொள்வதற்கு இந்தப் பிரிவு துணைக்கு வராது. நண்பருக்கு ஒன்று கொடுப்பதற்கும் வராது. டிஸ்க்கை விற்றுவிட்டு இமேஜை மட்டும் வைத்துக்கொள்வதற்கும் வராது. நான் டிஸ்க்கை விற்றால் இமேஜையும் அழித்துவிடுவேன்.

2012-இல் வந்த திருத்தத்தில் 65ஏ என்ற பிரிவு சேர்ந்தது. காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு என்கிறது அது. அமெரிக்காவிலும் இதே இரட்டை நிலைதான். 117-ஆம் பிரிவு பேக்கப்புக்கு இடம் கொடுக்கிறது. 1998-இல் வந்த டிஜிட்டல் மில்லேனியம் காப்புரிமைச் சட்டம் பூட்டை உடைப்பதைத் தடுக்கிறது. வெளிநாட்டில் இருந்தால் அந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளேஸ்டேஷன் 1, 2 டிஸ்க்குகளில் இருக்கும் டேட்டா பூட்டிவைத்ததல்ல. சாதாரணக் கம்ப்யூட்டர் டிரைவே படித்துவிடும். அதனால் இமேஜ் எடுக்கும் கட்டத்தில் உடைப்பதற்கு எதுவும் இல்லை.

எல்லா கன்சோல் டிஸ்க்குகளையும் கம்ப்யூட்டர் டிரைவ் படிக்குமா?

படிக்காது. பிளேஸ்டேஷன் 1, 2, சேகா சாட்டர்ன் ஆகியவை படிக்கும்.

சேகா டிரீம்காஸ்டின் ஜிடி-ராம் டிஸ்க்கில் வெளியே தெரிகிற பகுதி 35 எம்பி அளவுதான். விளையாட்டு இருப்பது சுமார் 1 ஜிபி கொள்ளும் நெருக்கமான இன்னொரு பகுதியில். கம்ப்யூட்டர் டிரைவுக்கு அந்தப் பகுதி இருப்பதே தெரியாது. அதனால் டிரீம்காஸ்டையே கம்ப்யூட்டரோடு இணைத்து அதன் வழியாகத்தான் அந்தக் காலத்தில் படித்தார்கள். முதல் எக்ஸ்பாக்ஸின் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டால், இதை எக்ஸ்பாக்ஸில் போடுங்கள் என்று சொல்லும் சின்ன வீடியோ மட்டும் வரும். கேம்க்யூபின் 8 செ.மீ. குட்டி டிஸ்க்கில் 1.46 ஜிபி இருக்கிறது. பார்க்க டிவிடி மாதிரிதான், ஆனால் எழுதிய முறை வேறு என்பதால் பெரும்பாலான டிரைவ்களுக்குப் புரியாது. பிளேஸ்டேஷன் 3-இலிருந்து டேட்டாவே சங்கேதமாக்கப்பட்டது. அங்கே மேலே சொன்ன பூட்டுச் சட்டம் குறுக்கே வருகிறது. அந்தப் பக்கம் நான் போவதில்லை.

பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்கின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கிறதே, அது காப்பி தடுப்பா?

இல்லை. சிடி டிரைவின் லேசர் 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு ஒளி. நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் அந்த பிளாஸ்டிக் அதற்குக் கண்ணாடி மாதிரி. கறுப்பு அழகுக்கும், பார்த்தவுடனே அடையாளம் தெரிவதற்கும் உதவியது, அவ்வளவுதான். கறுப்பு வெற்று சிடி வாங்கி எழுதினால் கன்சோலில் ஓடும் என்று அந்தக் காலத்தில் சில கடைகளில் சொல்லி விற்றார்கள். அதில் உண்மை இல்லை.

பிளேஸ்டேஷன் 2-இல் நீல அடிப்பக்கம் என்றால் சிடி, வெள்ளி என்றால் டிவிடி. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்விகளுக்குத் தேவைப்படும்.

என்ன டிரைவ், என்ன சாஃப்ட்வேர் வேண்டும்?

டிரைவ் எதுவானாலும் தொடங்கிவிடலாம். லேப்டாப்பில் செருகும் மெலிந்த யூஎஸ்பி டிரைவும் வேலை செய்யும். ஆனால் பழைய டெஸ்க்டாப்பில் இருக்கும் அகலமான சாட்டா டிரைவ் கிடைத்தால் விடாதீர்கள். கீறல் விழுந்த டிஸ்க்குகளில் எனக்குக் கைகொடுத்தது அதுதான். முடிந்தால் இரண்டு வெவ்வேறு கம்பெனி டிரைவ்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று திணறும் இடத்தை இன்னொன்று சாதாரணமாகப் படித்துவிடும்.

விண்டோஸில் இம்ஜ்பர்ன் போதும். கடைசிப் பதிப்பு 2.5.8.0, வந்தது 2013-இல். அதற்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை, ஆனாலும் இன்றும் ஓடுகிறது. இலவசம். டவுன்லோட் செய்யும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சில தளங்களில் கூடவே வேண்டாத விளம்பரச் சாஃப்ட்வேரையும் கட்டிக் கொடுக்கிறார்கள். இன்ஸ்டால் செய்யும்போது ஒவ்வொரு திரையையும் படித்து, தேவையில்லாத டிக்கை எடுத்துவிடுங்கள்.

இன்னும் துல்லியமாக, நூலகத்தில் வைக்கும் தரத்தில் எடுக்க வேண்டும் என்றால் ரீடம்ப்பர் என்ற கருவியும், அதை மவுஸால் இயக்க உதவும் எம்பிஎஃப் என்ற முகப்பும் இருக்கின்றன. முதல் நாளே அதில் இறங்க வேண்டாம். இம்ஜ்பர்னில் கை பழகட்டும்.

ஐஎஸ்ஓவா, பின்–கியூவா? எதில் சேமிப்பது?

அதிகமான பேக்கப்புகள் வீணாவது இந்த ஒரு இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிடியில் டேட்டா சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு செக்டார், அளவு 2352 பைட். சாதாரண டேட்டா சிடியில் அதில் 2048 பைட்தான் நம்முடைய டேட்டா. மிச்சம் 304 பைட்டில் முகவரியும், பிழை வந்தால் சரிசெய்துகொள்வதற்கான தகவலும் இருக்கும். ஐஎஸ்ஓ ஃபைல் அந்த 2048-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். சாதாரண சிடிக்கு அது பரவாயில்லை.

பிளேஸ்டேஷன் 1 சிடி அப்படி இல்லை. அதில் இரண்டு விதமான செக்டார்கள் கலந்திருக்கும். புரோகிராம் இருப்பது 2048 பைட் செக்டார்களில். பேச்சும் வீடியோவோடு வரும் ஒலியும் பெரும்பாலும் 2324 பைட் செக்டார்களில். பிழை திருத்தும் தகவலை விட்டுக்கொடுத்து அந்த இடத்திலும் ஒலியை நிரப்பியிருக்கிறார்கள். எந்தச் செக்டார் எந்த வகை என்று சொல்லும் குறிப்பும் அந்த 2048-க்கு வெளியே இருக்கிறது. இதை ஐஎஸ்ஓவாக எடுத்தால் விளையாட்டு திறக்கும், மெனு வரும், கதை வீடியோ வர வேண்டிய இடத்தில் உறைந்துபோகும். காப்பி நன்றாக இருக்கிறது என்று நம்பி, இரண்டு வருடம் கழித்து ஐந்தாம் கட்டத்தில்தான் கண்டுபிடிப்பீர்கள். அதற்குள் அசல் டிஸ்க் என்ன நிலையில் இருக்குமோ.

இது தவிர, பல பிளேஸ்டேஷன் 1 விளையாட்டுகளில் பாட்டு தனி ஆடியோ டிராக்குகளாகவே சிடியில் இருக்கும். ரிட்ஜ் ரேசரில் அப்படித்தான். விளையாட்டு முழுவதும் கன்சோலின் நினைவகத்தில் ஏறிவிடும். அப்புறம் டிஸ்க்கை எடுத்துவிட்டு நம்முடைய பாட்டு சிடியைப் போட்டால், அந்தப் பாட்டோடு கார் ஓட்டலாம்! இளையராஜா பாட்டு ஓட, ரேஸ் ஓட்டலாம் என்று தெரிந்த நாளில் எங்கள் வீட்டில் யாரும் நேரத்துக்குச் சாப்பிடவில்லை. இப்படிப்பட்ட டிஸ்க்கை ஐஎஸ்ஓவாக எடுத்தால் ஆடியோ டிராக்குகள் ஒன்றுகூட வராது. விளையாட்டு ஊமையாகிவிடும்.

பின்–கியூ என்பது இரண்டு ஃபைல்கள். பின் ஃபைலில் 2352 பைட்டும் முழுதாக இருக்கும். கியூ ஃபைல் நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய சின்ன டெக்ஸ்ட் ஃபைல். எந்த டிராக் எங்கே தொடங்குகிறது, டேட்டாவா ஆடியோவா என்று அதில் எழுதியிருக்கும். இரண்டையும் ஒன்றாகவே வையுங்கள். பின் ஃபைலின் பெயரை மாற்றினால் கியூவைத் திறந்து உள்ளே இருக்கும் பெயரையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எமுலேட்டர் (கன்சோல் போலவே நடந்து விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் சாஃப்ட்வேர்) தேடிக்கொண்டு நிற்கும்.

சுருக்கமாகச் சொன்னால், சிடி என்றால் பின்–கியூ, நீல பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குக்கும் அதுவே. வெள்ளி டிவிடி என்றால் ஐஎஸ்ஓ.

இம்ஜ்பர்னில் எப்படி எடுப்பது?

முதலில் டிஸ்க்கைத் துடைப்பது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தித் துணி எடுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். நடு ஓட்டையிலிருந்து வெளி விளிம்பு வரை நேர்கோட்டில் துடைக்க வேண்டும். டேட்டா வட்டமாகச் சுற்றிப் போகிறது. வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் அது டேட்டாவின் தடத்தோடே போய்த் தொடர்ச்சியாக நிறைய அழிக்கும். குறுக்கே விழும் கீறலை டிரைவ் தாண்டிப் போய்விடும். பிசுபிசுப்பு இருந்தால் ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் கழுவி, நிழலில் காயவிடுங்கள்.

டிஸ்க்கை டிரைவில் போட்டு, இம்ஜ்பர்னைத் திறந்து, ‘கிரியேட் இமேஜ் ஃபைல் ஃப்ரம் டிஸ்க்’ என்பதை அழுத்துங்கள். வலது பக்கம் டிஸ்க்கின் விவரம் வரும். அங்கே எத்தனை டிராக் என்று ஒருமுறை பாருங்கள். சேமிக்கும் இடத்தில் விளையாட்டின் பெயரோடு டிஸ்க்கில் அச்சிட்டிருக்கும் குறியீட்டு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே விளையாட்டு அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானியப் பதிப்புகளாக வந்திருக்கும், அந்த எண்தான் பிரித்துக் காட்டும். வேகத்தைக் குறைத்து வைக்கலாம். அவ்வளவுதான், பச்சைக் கோடு ஓடத் தொடங்கும். முடிந்ததும் ஒரு சின்ன இசை வரும்.

நடுவில் எரர் வந்து நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

‘எல்-ஈசி அன்கரெக்டபிள் எரர்’ என்று இம்ஜ்பர்னின் பதிவுத் திரையில் வந்தால், அந்தச் செக்டாரில் பிழை திருத்தும் தகவலும் கைவிட்டுவிட்டது என்று பொருள். ‘இக்னோர்’ அழுத்தி முன்னே போகாதீர்கள். போனால் அந்த இடத்தில் உண்மையான டேட்டா இல்லாத இமேஜ் கிடைக்கும், பார்ப்பதற்கு முழு இமேஜ் போலவே இருக்கும். பிறகு அது ஓட்டை என்று உங்களுக்கே மறந்துவிடும்.

டிஸ்க்கை எடுத்து மறுபடி கழுவுங்கள். வேகத்தை இன்னும் குறையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் வேறு டிரைவ். என்னிடம் இருந்த ஒரு டிவிடி யூஎஸ்பி டிரைவில் மூன்று தடவை ஒரே இடத்தில் நின்றது. பழைய டெஸ்க்டாப் டிரைவில் அந்த இடத்தில் ஒரு நொடி முனகிவிட்டுத் தாண்டிப் போய்விட்டது.

டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா என்று கட்டாயம் கேட்பார்கள். பேஸ்டில் இருக்கும் துகள் பிளாஸ்டிக்கைச் சுரண்டும். ஆழமில்லாத கீறலின் ஓரத்தை மழுக்கி ஒரு தடவை படிக்க வைக்கலாம், கூடவே நூறு மெல்லிய கீறல்களையும் போடும். எந்த டிரைவிலும் படிக்கவில்லை, எப்படியும் போகப்போகிறது என்ற நிலையில் மட்டும், நேர்கோட்டில், மிக லேசாக. அதுவும் அடிப்பக்கத்தில் மட்டும். லேபிள் பக்கத்தை எதுவும் செய்யாதீர்கள். சிடியின் கனம் 1.2 மி.மீ. என்றாலும் டேட்டா இருப்பது லேபிளுக்கு நேர் அடியில். மேலே மெல்லிய வார்னிஷ் பூச்சு மட்டும்தான் காவல். அடிப்பக்கக் கீறலுக்கு வைத்தியம் உண்டு, லேபிள் பக்கக் கீறலுக்கு இல்லை. டிவிடியில் டேட்டா இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவே இருப்பதால் அது கொஞ்சம் பத்திரம்.

எடுத்த காப்பி சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விளையாடிப் பார்ப்பது போதாது. ஒரு முப்பது மணி நேர விளையாட்டின் எல்லா மூலைக்கும் யார் போவது? ஹாஷ் பார்க்க வேண்டும்.

ஹாஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி. எம்டி5 என்றால் 32 எழுத்து, ஷா-1 என்றால் 40 எழுத்து. ஃபைலில் ஒரே ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் முழுவதும் மாறிவிடும். 7-ஜிப் இருந்தால் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்தே ஷா-1 எடுத்துவிடலாம். அதை ரீடம்ப் தளத்தில் ஒப்பிடுங்கள். உலகெங்கும் இருக்கும் ஆர்வலர்கள் தங்கள் டிஸ்க்குகளை எடுத்து, ஹாஷ்களை மட்டும் பதிந்து வைத்திருக்கும் பட்டியல் அது. விளையாட்டு ஃபைல்கள் அங்கே இருக்காது. சென்னையில் உங்கள் மேசையில் எடுத்த இமேஜின் நாற்பது எழுத்தும், எங்கோ ஜெர்மனியிலோ பிரேசிலிலோ ஒருவர் எடுத்ததோடு ஒன்றுவிடாமல் பொருந்தும்போது வரும் நிம்மதி பெரிது.

பொருந்தவில்லை என்றால் உடனே பதற வேண்டாம். ஆடியோ டிராக் உள்ள சிடியில் ஒவ்வொரு டிரைவும் ஒலியைச் சில நூறு சாம்பிள் (ஒலியின் மிகச் சிறிய துண்டு) முன்பின்னாகத் தொடங்கும். கேட்பதற்கு வித்தியாசமே தெரியாது, ஹாஷ் மட்டும் மாறிவிடும். ரீடம்ப் பட்டியல் டிராக் வாரியாகப் பிரித்தது, இம்ஜ்பர்ன் கொடுப்பது ஒரே பின் ஃபைல். இந்த வகை டிஸ்க்குக்குத்தான் முன்பு சொன்ன ரீடம்ப்பர். பட்டியலிலேயே இல்லாத பதிப்பு என்றால் இரண்டு வெவ்வேறு டிரைவ்களில் ஒவ்வொரு முறை எடுத்து, இரண்டின் ஹாஷையும் ஒப்பிடுங்கள். டேட்டா மட்டும் உள்ள டிஸ்க்கில் அவை பொருந்த வேண்டும்.

சரி, பர்ன் செய்தேன். கம்ப்யூட்டரில் எல்லாம் தெரிகிறது, கன்சோலில் மட்டும் ஓடவில்லை. ஏன்?

உங்கள் காப்பியில் குறை இல்லை. உங்கள் பர்னரால் எழுதவே முடியாத ஒன்று அசல் டிஸ்க்கில் இருக்கிறது.

சிடியின் டேட்டா, உள்ளிருந்து வெளியே போகும் ஒரு சுருள் தடத்தில் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்கின் தொடக்கப் பகுதியில், மற்ற டேட்டா வருவதற்கு முன்னால், அந்தத் தடத்தையே மிக மிக நுணுக்கமாக இடமும் வலமும் நெளியும்படி சோனி அச்சடித்தது. அந்த நெளிவில் நான்கு எழுத்துகள் ஒளிந்திருக்கின்றன. ஜப்பான் டிஸ்க் என்றால் எஸ்சிஇஐ, அமெரிக்கா என்றால் எஸ்சிஇஏ, ஐரோப்பா என்றால் எஸ்சிஇஇ. கன்சோலின் லேசர் தடத்தைப் பின்தொடரும்போது அந்த நெளிவை உணர்ந்து, எழுத்துகளைப் படித்து, தன் பகுதிக்குரிய டிஸ்க்தானா என்று பார்க்கிறது. காப்பி தடுப்பும் நாட்டுப் பூட்டும் ஒரே வீச்சில்.

கம்ப்யூட்டர் டிரைவ் தடத்தில் இருக்கும் டேட்டாவைப் படித்துக் கொடுக்கும், தடம் எப்படி நெளிகிறது என்று கொடுக்காது. அப்படியே தெரிந்தாலும் எழுத வழியில்லை. வெற்று சிடியில் தடம் தொழிற்சாலையிலேயே போடப்பட்டுவிட்டது, பர்னர் அதன் மேல் போகத்தான் முடியும். எவ்வளவு விலை கொடுத்து சாஃப்ட்வேர் வாங்கினாலும் இதை மாற்ற முடியாது. பிளேஸ்டேஷன் 2-வும் அசல் டிஸ்க்கா என்று தன் வழியில் சரிபார்க்கும்.

டிரீம்காஸ்ட் மட்டும் இதில் விதிவிலக்கு. பாட்டு சிடிகளோடு கூடுதல் காட்சிகள் வரட்டும் என்று மில்-சிடி என்ற வகையை சேகா அனுமதித்தது. சாதாரண சிடியும் அந்த வாசல் வழியாக நுழையலாம் என்று 2000-இல் கண்டுபிடித்துவிட்டார்கள். பிற்பாடு வந்த மெஷின்களில் சேகா வாசலை அடைத்தது. 2001-இல் டிரீம்காஸ்டின் தயாரிப்பே நின்றுவிட்டது.

மாட்சிப் போட்டால் ஓடும் என்கிறார்களே?

அந்த நான்கு எழுத்தைக் கன்சோலுக்குள்ளிருந்தே சொல்லிக்கொடுக்கும் சின்ன சிப் அது. ஒரு காலத்தில் ஊர் ஊராக சால்டரிங் வைத்துப் போட்டுக் கொடுத்தார்கள். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. ஆஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம் 2005-இல், ஸ்டீவன்ஸ் வழக்கில், மாட்சிப் விற்றவருக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னது. பிரிட்டனில் அதற்கு முந்தைய வருடம் சோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

என் கருத்து: இருபது, இருபத்தைந்து வருடம் ஓடிய கன்சோலின் போர்டில் புதிதாக சால்டரிங் இரும்பு வைக்காதீர்கள். இமேஜ் கையில் இருந்தால் எமுலேட்டரில் விளையாடலாம். பிளேஸ்டேஷன் 1-க்கு டக்ஸ்டேஷன், 2-க்கு பிசிஎஸ்எக்ஸ்2. இரண்டுக்கும் கன்சோலைத் தொடங்கிவைக்கும் உள் சாஃப்ட்வேரான பயாஸ் ஃபைல் தேவை. அதுவும் காப்புரிமை உள்ளது என்பதால் உங்கள் சொந்தக் கன்சோலிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும்.

ஐரோப்பியப் பதிப்பு இமேஜ் எமுலேட்டரில் நடுவழியில் நின்றுவிடுகிறது. ஹாஷ் சரியாகவே இருக்கிறது.

லிப்கிரிப்ட் என்ற காப்பி தடுப்பாக இருக்கலாம். ஃபைனல் ஃபேன்டஸி 9 மாதிரி சில ஐரோப்பிய பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்குகளில், டேட்டாவோடு பக்கவாட்டில் ஓடும் துணைச் சேனலில் வேண்டுமென்றே சில இடங்களில் பிழை வைத்திருப்பார்கள். விளையாட்டு அந்தப் பிழைகள் இருக்கின்றனவா என்று தேடும். பின்–கியூவில் துணைச் சேனல் சேராது. ரீடம்ப்பரில் எடுத்தால் சேரும், அதிலிருந்து கிடைக்கும் எஸ்பிஐ ஃபைலை இமேஜ் பக்கத்தில் அதே பெயரில் வைத்தால் எமுலேட்டர் புரிந்துகொள்ளும்.

2000-இல் வந்த ஸ்பைரோ: இயர் ஆஃப் த டிராகன் இன்னும் ஒரு படி மேலே போனது. உடைத்த காப்பி என்று தெரிந்தால் ஜோயி என்ற தேவதையே வந்து எச்சரிக்கும், அப்புறம் விளையாட்டு தானாகக் குளறுபடி ஆகும். அதைச் செய்தவர்கள் தடுப்பைத் தடுப்பாக மட்டும் பார்க்காமல் விளையாட்டின் பாகமாகவே பின்னியிருந்தார்கள். நேர்மையான பேக்கப்பில் இது தலைகாட்டினால் இமேஜ் முழுமையாக இல்லை என்று அர்த்தம்.

பர்ன் செய்தே ஆக வேண்டும் என்றால் எந்த டிஸ்க், என்ன வேகம்?

நல்ல பெயருள்ள டிஸ்க். வேகத்தில் ‘எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது’ என்பது பழைய நம்பிக்கை. 52 மடங்கு வேகத்துக்கென்று செய்த சாயத்தில் மிக மெதுவாக எழுதினால் அதுவும் சரியாக அமையாது. சிடிக்கு 16, டிவிடிக்கு 4 அல்லது 8 என்று நடுவில் வையுங்கள். எழுதியதைச் சரிபார்க்கும் ‘வெரிஃபை’ டிக்கை எடுக்காதீர்கள்.

காட் ஆஃப் வார் போன்ற சில பிளேஸ்டேஷன் 2 டிவிடிகள் இரட்டை அடுக்கு கொண்டவை. 4.7 ஜிபி டிஸ்க்கில் அடங்காது, 8.5 ஜிபி டிவிடி+ஆர் டூயல் லேயர் வேண்டும். முதல் அடுக்கு எங்கே முடிகிறது என்ற குறிப்பை இம்ஜ்பர்ன் ஒரு எம்டிஎஸ் ஃபைலில் எழுதி வைக்கும். எழுதும்போது ஐஎஸ்ஓவை அல்ல, அந்த எம்டிஎஸ்ஸைத் தேர்ந்தெடுங்கள்.

டிஸ்க் மேல் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், ஸ்டிக்கரும் ஒட்டாதீர்கள். ஸ்டிக்கர் ஒரு பக்கம் உரிந்தால் படலத்தையும் சேர்த்து உரித்துவிடும்.

இமேஜ்களை எங்கே, எப்படி வைப்பது?

பிளேஸ்டேஷன் 1 டிஸ்க் ஒன்று பின் ஃபைலாக அதிகபட்சம் 800 எம்பி சொச்சம். ஐம்பது டிஸ்க் இருந்தாலும் 40 ஜிபி சொச்சம்தான். ஒற்றை அடுக்கு டிவிடி ஐம்பது என்றால் 235 ஜிபி. 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒரு வீட்டுக்குத் தாராளம். ஆனால் இரண்டு வேண்டும், இரண்டாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும். என்னுடையது அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகும்போது எடுத்து ஹாஷ் சரிபார்த்துவிட்டு வருகிறேன்.

இடம் மிச்சப்பட வேண்டும் என்றால் சிஹெச்டி வடிவத்துக்கு மாற்றலாம். மாமே எமுலேட்டரோடு வரும் சிஹெச்டிமேன் கருவி மாற்றிக் கொடுக்கும். டேட்டா எதையும் இழக்காமல் சுருக்கும், எப்போது வேண்டுமானாலும் பின்–கியூவாகத் திருப்பலாம். ஃபைனல் ஃபேன்டஸி 7 மாதிரி மூன்று டிஸ்க் விளையாட்டு என்றால் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, டிஸ்க் 1, 2, 3 என்று பெயரிலேயே எழுதுங்கள்.

இணையத்தில் எல்லாமே கிடைக்கிறதே, எதற்கு இத்தனை பாடு?

எல்லாமே கிடைப்பதில்லை. அமெரிக்காவில் வந்த பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இப்போது கடையில் எந்த வடிவிலும் விற்பனைக்கு இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனின் 2023 ஆய்வு சொல்கிறது. வாங்கி வைத்தவர்களின் அலமாரிதான் பல விளையாட்டுகளுக்கு மிச்சமிருக்கும் இடம். இணையத்தில் யாரோ ஏற்றியதில் எது எந்தப் பதிப்பு, எதில் என்ன மாற்றினார்கள், கூடவே என்ன வைரஸ் வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் டிஸ்க்கில் இருப்பதை நீங்களே எடுத்தால் தெரியும்.

டிஸ்க் எல்லாம் எடுத்தாகிவிட்டது. வேறு ஏதாவது விட்டுப்போகிறதா?

மெமரி கார்டு. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதை மறக்கிறார்கள்.

டிஸ்க் போனால் உலகத்தில் அதே டிஸ்க் வேறு யாரிடமாவது இருக்கும். பிளேஸ்டேஷன் 1 கார்டில் இருப்பது 128 கேபி, 15 பிளாக். அதில் இருக்கும் சேவ் (விளையாட்டை விட்ட இடத்தின் பதிவு) உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 2 கார்டு 8 எம்பி. கார்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யூஎஸ்பி அடாப்டர்கள் கிடைக்கின்றன. முழுக் கார்டையும் ஒரே ஃபைலாக எடுத்து, இமேஜ்கள் இருக்கும் அதே ஃபோல்டரில் போடுங்கள். டக்ஸ்டேஷனும் பிசிஎஸ்எக்ஸ்2-வும் அதைத் திறக்கும்.

எங்கள் கார்டை அப்படி எடுத்தபோது உள்ளே என் தம்பி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது போட்ட சேவ் ஒன்று இருந்தது. பெயர் கேட்ட இடத்தில் எங்கள் நாயின் பெயரை வைத்திருந்தான். அவன் இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறான். ஃபைலை அன்று ராத்திரியே அனுப்பி வைத்தேன், விட்ட இடத்திலிருந்து விளையாடிக்கொண்டிருக்கிறான்.